கொரியாக்காரி வாயில் விஜயராணி

கொரியா நாடகங்களில் இசக்கிதுரைக்கு முதலில் ஆகாமல் போனது லாரிதான். எந்தக் கதையை எடுத்தாலும் நாயகனோ நாயகியோ ரோட்டைக் கடக்கும்போது எங்கிருந்தோ ஒரு வெள்ளை லாரி வரும். ஹாரன் அடிப்பான், லைட்டைப் போடுவான், பிரேக் மட்டும் போடமாட்டான். வாலிபத்திலிருந்து பம்பாய் ரோட்டில் வண்டி ஓட்டுகிற மனுஷன் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"ஹாரன்ல கை வைக்கத் தெரிஞ்ச பயலுக்கு பிரேக்ல கால் வைக்கத் தெரியாதா? எவன்ல உனக்கு லைசென்ஸ் குடுத்தான்?" என்று போனைப் பார்த்துத் திட்டுவார்.

அடுத்தது, கார் ஓட்டுகிற நாயகன். பக்கத்தில் பெண்பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அவன் ரோட்டைப் பார்க்கவே மாட்டான். அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டு மைல்கணக்கில் போவான். சயான் சர்க்கிளில் ஒரு நாள் அப்படி ஓட்டிப் பார்க்கட்டும், காதல் என்னவென்று தெரிந்துவிடும்.

இவ்வளவு திட்டுகிறவர் தினமும் ஏன் இதைப் பார்க்கிறார் என்பதுதான் நஸீராவுக்கு விளங்கவில்லை. இசக்கிதுரை ஓட்டுவது மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பஸ். நஸீரா அதில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. அவளுடைய உம்மா திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரி, அவள் பிறந்தது தாராவி. காலையில் பிள்ளைகளை விட்டால் பள்ளிக்கூடம் விடும்வரைக்கும் இரண்டு பேருக்கும் வேலை கிடையாது. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் பஸ்ஸை ஒதுக்கிப் போட்டுவிட்டு, அவர் டிரைவர் சீட்டில் ஒரு போன், அவள் மூன்றாவது வரிசையில் ஒரு போன். இரண்டிலும் காதல் கதைதான். ஆனால் பார்க்கிற விதம் வேறு. நாயகனும் நாயகியும் வந்தால் நஸீரா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். அவரோ கட்டைவிரலால் அவர்களைத் தள்ளிவிட்டு ஓடவிடுவார். நாயகியின் தோழியோ, வீட்டுக்காரம்மாவோ, ஆபீசில் பக்கத்து மேசைக்காரியோ வந்தால் விரல் நிற்கும். நின்றதும் கண்ணை மூடிக்கொள்வார்.

"கண்ண மூடிட்டு யாராச்சும் நாடகம் பாப்பாங்களா அண்ணே?" என்று கேட்டாள் ஒருநாள்.

"உன் போனப் பாரு."

"தோழிக்கு அப்படி என்ன இருக்கு? சூப் கொண்டு வருவா, அழுதா தோளக் குடுப்பா, அப்புறம் கதையிலேயே இருக்கமாட்டா."

"அதத்தான் சொல்லுதேன். ஊருக்கெல்லாம் சூப் கொண்டு குடுக்கா, அவளுக்கு எவனும் ஒரு வாய் குடுக்கல. வெளங்காத கதை."

அதோடு பேச்சு முடிந்தது. விஷயம் வெளியே வந்தது மழைக்காலத்தில்.

அன்று சாயங்காலம் சயானில் வண்டிகள் அசையவில்லை. உள்ளே பிள்ளைகள் மழைக்கோட்டோடு கத்திக்கொண்டிருந்தார்கள். "ஏதாச்சும் பாட்டுப் போடுங்கண்ணே, காது போகுது" என்றாள் நஸீரா. இசக்கிதுரையின் போன் பஸ் ஸ்பீக்கரோடு சேர்ந்தது. பாட்டைத் தேடிய விரல் வேறெங்கோ பட்டுவிட்டது. ஸ்பீக்கர் முழுவதிலும் இருந்து, எல்லா சீட்டுக்கும் மேலிருந்து, ஒரு பெண் குரல் வந்தது.

"நான் இங்கதான் இருக்கேன். நீ ஏன் திரும்பிப் பார்க்கவே மாட்டேங்கிற?"

இசக்கிதுரை திரும்பிப் பார்த்தார். முன்னால் நகர ஆரம்பித்திருந்த வண்டியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முழுசாகத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் கால் பிரேக்கைத் தேடி அமுக்கியது. பிள்ளைகள் முன் சீட்டில் போய் முட்டின. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அடித்தான். "அங்கிள் டர் கயே!" அங்கிள் பயந்துவிட்டார் என்று ஒரு வாண்டு இந்தியில் கத்த, பஸ்ஸே சிரித்தது. அவர் முகத்தை உள் கண்ணாடியில் பார்த்த நஸீரா மட்டும் சிரிக்கவில்லை.

கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு அவள் முன் சீட்டுக்கு வந்தாள். "யாரு அண்ணே அது?"

"என் வீட்டுக்காரி."

"அவங்க தவறிட்டாங்கன்னுல்ல சொன்னாங்க?"

"ஆமா. தவறிட்டா" என்றார் இசக்கிதுரை. வைப்பர் இரண்டும் போய்ப் போய் வந்தன.

விஜயராணி தாராவியில் வீட்டில் உட்கார்ந்து சேலைக்கு ஃபால் தைத்தவள். நைன்டி ஃபீட் ரோட்டில் பொங்கல் விழா நடந்தால் மைக் அவள் கைக்கு வந்துவிடும். "நீலச் சட்டை போட்ட பையன் மேடைக்குப் பின்னால அழுதுகிட்டு நிக்கான், பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அவள் சொன்னால், பிள்ளை இல்லாதவர்கள்கூட எழுந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல். அந்த விழாவுக்கு வந்திருந்த மாதுங்கா சுப்ரமணியன் அதைக் கேட்டார். வெளிநாட்டு நாடகங்களுக்குத் தமிழில் குரல் கொடுக்க ஆள் பிடித்து அந்தேரி ஸ்டூடியோவுக்கு அனுப்புவது அவர் தொழில். பம்பாயில் தமிழ்க் குரல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

முதலில் கூட்டக் குரல்தான். சந்தை இரைச்சல், கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா. பிறகு தோழி, நர்ஸ், வீட்டுக்காரம்மா. போன முதல் நாளே சுப்ரமணியன் சொல்லிவிட்டார்: "குரல் தங்கம், அம்மா. ஆனா ஊர் வாசனை அடிக்கறது. அதை மட்டும் வாசல்ல கழட்டி விட்டுட்டு வாங்கோ." விஜயராணி கழற்றினாள். 'சொல்லுதேன்' என்பதை 'சொல்றேன்' ஆக்கினாள், 'நிக்கான்' என்பதை 'நிக்கறான்' ஆக்கினாள். வீட்டுக்கு வந்து சிரிப்பாள்.

"செருப்பையும் ஊரையும் வெளிய கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போறேன். திரும்பி மாஹிம் ஸ்டேஷன்ல எறங்கையில ஊர மாட்டிக்கிடுவேன்."

வீட்டில் அவள் புருஷனைக் கூப்பிட்டது ஒரே வார்த்தையில்தான். கோட்டி. திருநெல்வேலிச் சீமையில் கோட்டி என்றால் பைத்தியம். "பைத்தியம்னே சொல்லிட்டுப் போயேன்" என்று இசக்கிதுரை ஒரு தடவை முறைத்தபோது, "பைத்தியத்துக்கு டாக்டர் பாக்கணும். கோட்டிக்குப் பொண்டாட்டி போதும்" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் என்ன பேச?

ஒருநாள் அந்தேரியிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றுமுன்னே பேச ஆரம்பித்தாள். முதல்முதலாக நாயகி வேஷத்துக்குக் குரல் கொடுக்கிறாள்.

"பேரு என்ன?" என்று கேட்டார்.

"சொல்லக் கூடாது. கையெழுத்து வாங்கியிருக்காவ. எங்களுக்கே தெரியாது. ஆபீஸ்ல அதுக்கு மாம்பழம்னு பேரு."

"மாம்பழமா?"

"கேளும். இன்னைக்கு ஒரு அநியாயம் பண்ணிட்டேன். அந்தப் பொண்ணு அந்தப் பயலப் பாத்து ஒரே ஒரு சொல்லு சொல்லுதா. நமக்கு எழுதியிருக்கது பைத்தியம்னு. அவ வாய் ரெண்டு அசைவுல மூடிருது. பைத்தியம்னு சொன்னா 'யம்' மட்டும் வெளிய நிக்கு. திரும்பத் திரும்ப எடுத்தும் வெளியவே நிக்கு. டைரக்டர் சாயா குடிக்கப் போயிருந்தாரு. கோட்டின்னு வுட்டேன். கச்சிதமா உக்காந்துட்டு! சவுண்டு பாக்குத பையன் ஏக்தம் பெர்பெக்டுன்னுட்டான். அவன் மராட்டிக்காரன், அவனுக்கு என்ன தெரியும்?"

"ஏன், ஒனக்கு வேற சொல்லே வரலையோ?"

"உங்களத் திட்டித் திட்டிப் பழகுன வாய் வே இது. வரட்டும், ஒண்ணா இருந்து பாப்போம். நான் உங்களத் திட்டுனத ஊரு பூரா கேக்கட்டும்."

அது வருவதற்குள் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கேயே முடிந்துவிட்டது.

முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவள் வீட்டுப் பேச்சு எங்கேயும் பதிவாகவில்லை என்று. கல்யாண வீடியோவில் மேளச் சத்தம்தான் இருந்தது. போனில் குரல் பதிந்து அனுப்பு என்றால் அனுப்பமாட்டாள். "நாள் பூரா மைக்ல பேசுதேன், உங்ககிட்டயும் மைக்லயா பேசணும்? நேர்ல வாரேன், இரும்" என்பாள். நேரில் வருவாள் என்றுதான் அவரும் இருந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது நாடகங்கள். அதிலே அவள் ஏராளமாக இருந்தாள். எந்த முகத்தில் வருவாள் என்றுதான் தெரியாது. ஒன்றில் நர்ஸ். ஒன்றில் குடித்துவிட்டு உளறுகிற ஆபீஸ்காரி. சீனத்துக் கதை ஒன்றில், வெள்ளை உடுத்து முடியை விரித்துப்போட்டு, கிணற்றடியில் நின்று "என்னை மறந்துட்டீங்களா" என்று கேட்கிற செத்தவள். அதைக் கேட்ட அன்று இசக்கிதுரை பஸ்ஸை விட்டு இறங்கிப் போய், வெயிலில் நின்றுகொண்டார்.

வீட்டில் போட்டுப் பார்ப்பதை ஒரே தடவையோடு விட்டார். ஞாயிற்றுக்கிழமை பகலில் போட்டிருந்தார். நடுவில் இருப்பது தகரத் தடுப்புதானே. பக்கத்து வீட்டுப் பீவி மாவுக் கையோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "விஜயராணி பேசுற சத்தம் கேட்டுச்சு" என்றாள். அவள் கண் வீட்டுக்குள் எல்லா மூலையிலும் தேடியது. அவர் போனைத் தூக்கிக் காட்டினார். பீவி அதைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு போனாள்.

மகன் சுடலைக்கண்ணன் கோபர்கைரனேயில் குடியிருக்கிறான். அவன் வந்தபோது ஒரு துண்டைப் போட்டுக் காட்டினார். இரண்டு வாக்கியம் கேட்டான். போனை வாங்கி அணைத்தான்.

"இது அம்மா குரல். அம்மா இல்ல. அம்மா இப்படியா பேசுவா?"

கோபமாகத்தான் சொன்னான். ஆனால் உண்மை. 'நான் இங்கதான் இருக்கேன்' என்கிறவள் சுத்தமான தமிழ் பேசுகிற யாரோ ஒருத்தி. விஜயராணியின் தொண்டையை வைத்துக்கொண்டு பேசுகிறாள். ஊரைக் கழற்றி வைத்தவள். இசக்கிதுரைக்கு வேண்டியது ஊரோடு இருக்கிறவள். அவள் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல்லில். எந்த நாடகம், எந்த எபிசோட் என்று தெரியாது. அதை ஒரு தடவை காதால் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

சுப்ரமணியனுக்குப் போன் போட்டுக் கேட்டதில் பிரயோசனமில்லை. "மாம்பழம், பலாப்பழம், கொய்யான்னு எத்தனையோ போயிடுத்து. வெளில என்ன பேர்ல வந்ததுன்னு எனக்கே தெரியாது சார்" என்று வருத்தப்பட்டார்.

இதையெல்லாம் இசக்கிதுரை அந்த மழை நாளில் நஸீராவிடம் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

"அப்படி என்ன வார்த்தை அண்ணே?"

"வரும்போது காதால கேளு."

நஸீரா அழுதாள். மூக்கைத் துடைத்துவிட்டுக் காரியத்துக்கு வந்தாள். "அண்ணே, நீங்க தேடுற விதமே தப்பு. தோழி வாயில அக்கா குரல் கேட்டதும் அங்கயே நின்னுட்டீங்க. தோழியத் தோழியப் பாத்துக்கிட்டு இருந்தா நாயகி எப்படிக் கிடைப்பா? இனிமே ஒவ்வொண்ணுலயும் முதல் எபிசோட் போடுவோம். நாயகி வாயத் தொறக்கணும். அக்கா இல்லைன்னா அடுத்தது."

அப்படித்தான் அவர் காதலர்களைப் பார்க்க நேர்ந்தது. பார்த்தால் வாய் சும்மா இருக்குமா? கொரியாக்காரனுக்கு ஒரே குடை போதும், ஊரில் வேறு குடையே விற்காது. நாயகி தடுக்கி விழுவாள், விழுந்து முடிக்கமாட்டாள், அவன் பிடித்துக்கொண்டு நிற்பான், மூன்று பக்கமிருந்தும் படம் எடுப்பார்கள். பணக்கார மாமியார் முகத்தில் தண்ணீரை ஊற்றுவாள், அந்த வீட்டில் துடைக்க ஒரு துண்டு இருக்காது. சீனாக்காரன் கதையில் போன ஜென்மம், அதற்கு முந்தின ஜென்மம் என்று போய்க்கொண்டே இருக்கும், இந்த ஜென்மத்துக்கு வரவே பாதி நாடகம் ஆகிவிடும். ஜப்பான் படம் என்றால் ஒருத்தரும் பேசவே மாட்டார்கள். ரயில் ஒன்று போகும். அவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். படம் முடிந்துவிடும்.

"இதுல டப்பிங்குக்கு யாரு வேணும்? ரயிலுக்குத்தான் குரல் குடுக்கணும்" என்றார்.

"அண்ணே, பேசாம இருக்கறதுதான் அதுல அழகு."

"பேசாம இருக்கதுல என்ன அழகு? இருக்கும்போது பேசித் தொலைக்க வேண்டியதுதானே? பிடிச்சிருக்குன்னு சொல்ல இவனுக்குப் பதினாறு எபிசோடா?"

"நீங்க அக்காகிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

இசக்கிதுரை யோசித்தார். "வண்டில ஏறுன்னு சொல்லியிருக்கேன்."

"யா அல்லா! என் மாப்பிள்ள பரவாயில்ல" என்று நஸீரா சிரித்தாள். "கல்யாணத்தன்னைக்கு என் கையப் பிடிப்பான்னு பாத்தா, வாப்பா குடுத்த மோட்டார் சைக்கிள் சாவியப் பிடிச்சான். இன்னும் வுடல."

தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அது கிடைத்தது. நஸீராதான் போட்டாள். செருப்புத் தைக்கிற சின்னக் கடை. ஒரு பெண் குனிந்து வேலை செய்கிறாள். நிமிராமலே, "கடை மூடியாச்சு, நாளைக்கு வாங்க" என்றாள்.

இசக்கிதுரையின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. எடுக்கவில்லை.

"அண்ணே?" என்றாள் நஸீரா.

"அவதான்."

இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. நாயகன் வானிலை ஆபீசில் வேலை பார்க்கிறவன். மழை வரும் என்று அவன் சொன்னால் வெயில் அடிக்கும், வெயில் என்றால் கொட்டும். ஊரே அவனைத் திட்டுகிறது. நனைந்துபோன செருப்பையெல்லாம் அவளிடம் கொண்டுவருகிறார்கள். கதை அவ்வளவுதான். லாரி வரவில்லை. மாமியார் தண்ணீர் ஊற்றவில்லை. அவர் எதையும் ஓட்டித் தள்ளாமல் பார்த்தார். குளிரில் அந்தப் பெண் கையைத் தேய்த்துக்கொண்டு பேசும்போது, விஜயராணி மூச்சு எடுக்கும் இடம்கூடத் தெரிந்தது. முகம் யாருடையதோ. மூக்கு சின்னது, கண் சின்னது. இரண்டு மூன்று நாளில் அந்த முகம் பழகிவிட்டது. பழகியதுதான் பயமாக இருந்தது. வீட்டில் மாட்டியிருந்த போட்டோவை நிமிர்ந்து பார்த்தால் அது யாரோ மாதிரித் தெரிந்தது.

"இன்னைக்கு ரெண்டு சேத்துப் பாப்போம் அண்ணே" என்று நஸீரா பறந்தாள்.

"ஒண்ணு போதும்."

"வார்த்தை வந்துரும்ல?"

"வந்துட்டா அப்புறம் என்ன இருக்கு? மெதுவா போவோம்."

மெதுவாகப் போயும் அந்த இடம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப். கொட்டுகிற மழை. இன்றைக்கு மழை வராது என்று ரேடியோவில் சொன்னவன் தொப்பலாக நிற்கிறான். கையில் குடை இருக்கிறது, விரிக்கவில்லை. அவள் கடை பூட்டி வரும்போது நனையாத குடையாகக் கொடுக்கவேண்டுமாம். அவள் எதிரே வந்து நின்றாள். அவனையும் பார்த்தாள், குடையையும் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. வாயைத் திறந்தாள்.

இசக்கிதுரை போனை முகத்தோடு ஒட்டப் பிடித்துக்கொண்டார்.

"பைத்தியம்."

வேறு குரல். அவள் வாய் மூடிய பிறகு 'யம்' வெளியே நின்றது.

அடுத்த வாக்கியம் மறுபடி விஜயராணி. "இப்படியா நனைவாங்க?" என்றாள். முந்தின வாக்கியமும் அவள்தான். நடுவில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் யாரோ ஒருத்தி அந்த வாய்க்குள் புகுந்து வெளியேறியிருந்தாள். அவர் திருப்பிப் போட்டார். புகுந்தாள், வெளியேறினாள். மறுபடி போட்டார். போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வார்த்தை இன்னும் வரலையா அண்ணே?" என்று நஸீரா கேட்டாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்?

சனிக்கிழமை இசக்கிதுரை மாதுங்காவில் சுப்ரமணியன் வீட்டுக்குப் போனார். சுப்ரமணியன் கதவைத் திறந்து, ஆளை அடையாளம் கண்டு, "வாங்கோ, வாங்கோ" என்று உட்காரவைத்தார். காபி வந்தது. இசக்கிதுரை போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார். சுப்ரமணியன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுல ஒரு சொல்லு அவ இல்ல" என்றார் இசக்கிதுரை.

"எப்படிக் கண்டுபிடிச்சேள்? குரல் அச்சாப் பொருந்தற பொண்ணைத்தானே தேடிப் போட்டோம்." சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைத் தடவிக்கொண்டார். "சொல்றேன். டப்பிங் முடிஞ்சு மேலிடத்துக்குப் போச்சு. அங்க ஒருத்தர் உட்கார்ந்து முழுக்கக் கேப்பா. அவா திருப்பி அனுப்பிச்சா. இந்த ஒரு வார்த்தை எல்லாத் தமிழ்க்காராளுக்கும் புரியாது, மாத்துங்கோன்னு. உங்காத்து அம்மாவைக் கூப்பிடலாம்னு போன் பண்ணினோம். உடம்பு சரியில்லை, வரமுடியாதுன்னு யாரோ எடுத்துச் சொன்னா."

அந்தப் போனை எடுத்தது இசக்கிதுரைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எடுத்தார். "ஒரே ஒரு வார்த்தைதான் சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றது போன். "இப்ப முடியாது. எந்திரிச்சு வரட்டும், அனுப்பி வைக்கேன்" என்று சொன்னார். என்ன வார்த்தை என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே போனபோது விஜயராணி, "யாரு போன்ல?" என்று கேட்டாள். "ஸ்டூடியோ" என்றார். "சவம், இங்கயும் வுடமாட்டாவளா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ முதல்ல சொன்னது எங்கயாச்சும் இருக்குமா சார்?"

"இருக்காது. ரிலீஸ் ஆனதும் எல்லாத்தையும் அழிச்சுடணும். அது கண்டிஷன்." சுப்ரமணியன் காபி டம்ளரை இவர் பக்கம் நகர்த்தினார். "ஊரை வாசல்ல விட்டுட்டு வாங்கோன்னு நான்தான் அவாகிட்டச் சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் உள்ள கொண்டுவந்திருக்கா, பாருங்கோ."

இசக்கிதுரை காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைச் சத்தம் வராமல் வைத்தார். "வாரேன் சார்" என்று எழுந்தார்.

திங்கள்கிழமை தூங்குமூஞ்சி மரத்தடியில் நஸீரா முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "அடுத்த எபிசோட் போடுங்க" என்றாள். அவர் அந்தப் பஸ் ஸ்டாப்பைத்தான் போட்டார். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். மழை சத்தமில்லாமல் கொட்டியது.

"அந்தப் பொண்ணு வாயப் பாரு. என்ன சொல்லுதா?"

"சத்தம் இல்லாம எப்படி அண்ணே?"

"வாயப் பாருன்னேன்."

நஸீரா குனிந்து பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. "இது தெரியாதா எனக்கு? 'பாபோ'ங்கறா. கொரியா பாஷை. எல்லா நாடகத்துலயும் ஆசைப்பட்டவனப் பாத்து அவளுவ இதத்தான் சொல்லுவாளுவ."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"அப்படின்னா..." நஸீரா பொருத்தமான சொல்லைத் தேடினாள். போனில் வந்த சொல் அவளுக்கு ஞாபகமே வரவில்லை. உம்மா அவளுடைய வாப்பாவைத் திட்டுகிற சொல்தான் வாயில் வந்தது. "கோட்டின்னு அர்த்தம் அண்ணே."

இசக்கிதுரை அவளைப் பார்க்கவில்லை. படத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டார்.

"அவ வாய் தொறக்கும்போது சொல்லு."

"என்ன அண்ணே இது?"

"சொல்லு."

கொரியாக்காரி எதிரே வந்து நின்றாள். குடையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "கோட்டி" என்றாள் நஸீரா. வாய் மூடியது. ஒன்றும் வெளியே நிற்கவில்லை.

குரல் நஸீராவுடையது. கரகரப்பாக, மூக்கடைத்தாற்போல். விஜயராணி மாதிரி ஒரு துளிகூட இல்லை. அந்தச் சத்தமில்லாத மழையில் அந்தப் பெண் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றாள். அடுத்து 'இப்படியா நனைவாங்க' என்று வாயசைத்தாள். அது அவருக்குக் கேட்கவில்லை. 'இப்படியா வே நனைவீரு' என்றுதான் கேட்டது. தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து, மாவு கரைத்துக்கொண்டே கேட்கிற மாதிரி.

"இப்ப நான் யாரத் திட்டுனேன் அண்ணே?" என்றாள் நஸீரா.

"என்னத்தான். போய் உக்காரு, நேரமாச்சு."

அவள் பின்னால் போனாள். அவர் சாவியைத் திருப்பினார், கியரைப் போட்டார். உள் கண்ணாடியில், நஸீராவுக்குப் பின்னால் சீட்டுகள் வரிசையாகக் காலியாக இருந்தன. விஜயராணி வண்டியில் ஏறி உட்காரட்டும் என்பதுபோல, கடைசி வரிசை ஜன்னலோரத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். அவர் கால் பிரேக்கைவிட்டு எழவே இல்லை.